சாரலில் கட்டிப்போட்ட நாய்

போன மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் பாயசத்தில் அப்பளத்தை நொறுக்கினார். என் கை இலையிலேயே நின்றுவிட்டது. மேலகரத்து வீட்டுப் பின்வாசலில், ஈர மண்ணில், என் செவலை நாய் நத்தையைக் கடித்த சத்தம் அது.

அந்த வருஷம் ஆனியில் பிடித்த சாரல் விடவேயில்லை. முன்னால் குற்றாலத்துக்குக் குளிக்கப் போகிற கார்கள் ஊர்ந்தன. பின்னால் நத்தைகள். வாழை மட்டையில், துவைக்கிற கல்லில், நாயின் தண்ணீர்ச் சட்டி விளிம்பில். ஓடு உள்ளவை, ஓடில்லாமல் கொழகொழவென்று கிடப்பவை. நாய்க்கு எல்லாமே தின்பண்டம்.

ஒருநாள் காலையில் அதன் பின்னங்கால்கள் பின்னிக்கொண்டன. படியேறப் போய்ச் சரிந்தது. தென்காசிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

“நத்தை கித்தை தின்னுச்சா?” என்றார் டாக்டரம்மா.

“முறுக்கு மாதிரி திங்கும் மேடம்.”

அவர் சிரிக்கவில்லை. “எலிப் புழுக்கையிலருந்து நத்தைக்குள்ள ஒரு புழு போகும். நாய் அந்த நத்தையைத் தின்னா தண்டுவடம், மூளைன்னு ஏறிரும். இதுக்கும் அதுவாத்தான் இருக்கும்னு நினைக்கேன். இப்ப காப்பாத்திரலாம். திரும்பவும் தின்னா என் கையில இல்ல.”

மருந்தில் கால் நிமிர்ந்தது. அதற்குள் அடுத்த வீட்டு அண்ணாச்சி சுவருக்கு மேல் தலையை நீட்டினார்.

“தவிட்டுல கருப்பட்டியப் பிசைஞ்சு நத்தை மருந்தக் கலந்து வச்சிருக்கேன். ஒண்ணு மிஞ்சாது, பாரும்.”

“கருப்பட்டின்னா மொதல்ல நாய்லா திங்கும், அண்ணாச்சி!”

“உம்ம நாய நீரு கட்டிப்போடும்.”

கட்டிப்போட்டேன். தோட்டத்தில் புழு, சுவருக்கு அந்தப் பக்கம் விஷம், நடு அறையில் ஜன்னல் கம்பியும் ஒரு கயிறும். கயிறு எட்டிய மட்டும் தரையில் நகக் கீறல், அரைவட்டமாக. வாசல்வரை கூட்டிப்போனாலும் கேட் கம்பியில் ஒரு நத்தை இருக்கும். நாய் தாவும், நான் இழுப்பேன், அது இருமும். கழுத்தைச் சுற்றி முடி உதிர்ந்துபோயிற்று. நானும் வெளியே போவதை விட்டேன். எழுத உட்கார்ந்தால் முதுகில் அதன் பார்வை. மழை ஓட்டில் நடந்துகொண்டேயிருந்தது. எங்கள் இருவருக்கும்தான் நடக்க இடமில்லை. ஊளை தொடங்கியது. பிறகு சோற்றையும் மோந்து பார்க்காமல் படுத்துக்கொண்டது.

சுரண்டையிலிருந்து அக்கா போன் பண்ணினாள்.

“ஏலே, யாரு அங்கன அழுதது?”

“நாய்க்கா.”

“நான் நீயோன்னு நெனச்சேன்.”

மறுநாளே லோடு ஆட்டோவில் வந்து இறங்கினாள். கழுத்தைத் தடவிப் பார்த்தாள். “எங்க ஊருக்குச் சாரல் வெறும் காத்தாத்தான் வருது. நத்தையப் பாக்கணும்னா பிள்ளைக பொஸ்தகத்துலதான் பாக்கணும். நான் கொண்டுட்டுப் போறேன்.”

“சாரல் முடிஞ்சதும் வந்து கூட்டிக்கிடுதேன்.”

“ஐப்பசி மழைக்கு என்ன செய்வ? திரும்பக் கம்பியில கட்டுவியா? தந்தா தந்ததுதாம்லே.”

நானே கயிற்றை அவிழ்த்தேன். ஆட்டோவில் ஏறி அக்கா மறுமுனையைப் பிடித்து இழுத்தாள். நாய் நான்கு காலையும் ஊன்றிக்கொண்டு என்னையே பார்த்தது. தட்டிக்கொடுத்தேன். வாலை ஆட்டிக்கொண்டு திரும்பி வந்து என் கால்மேல் உட்கார்ந்தது.

“நீ இங்கன நின்னா அது ஏறாதுலே,” என்றாள் அக்கா. “உள்ள போயிக் கதவச் சாத்து.”