வெள்ளைத்தாள் திறந்த பூட்டு

ஸ்கான் கடை வைச்சிருக்கிற உங்களுக்குச் சொல்லவே வேணும், சனம் காணிப் பத்திரத்தையும் கலியாணப் படத்தையும் மேசையில வைச்சு "கவனம் பிள்ளை" எண்டுபோட்டுப் போயிடும். பிறகு அந்தரப்படுறது நாங்கள்தான். எனக்கு அந்த அந்தரம் கொஞ்சம் கூட. கிளிநொச்சியில கடை திறந்த கையோட, கம்பசில படிச்ச குழப்பக் கணக்கை வைச்சுப் படங்களைப் பூட்ட நானே ஒரு புரோகிராம் எழுதினன். ஒரு எண்ணைத் திரும்பத் திரும்ப ஒரே வாய்பாட்டுக்குள்ள போட்டால் அது கண்டபாட்டுக்குத் துள்ளும். தொடக்க எண் மயிரளவு மாறினாலும் துள்ளல் முழுக்க மாறிப்போம். அந்தத் தொடக்க எண்தான் பூட்டின்ர திறப்பு, சாவி மாதிரி. ஆர் உடைக்கிறது எண்டு எனக்கு ஒரே தலைக்கனம்!

நாவல் நிறச் சீலை

முதல் எழுதினதில படத்தின்ர புள்ளிகள் இடம் மாறிக் கலையும், அவ்வளவுதான். ஒருநாள் பக்கத்துத் தையல்கடை மாலா அக்கா தேத்தண்ணியோட வந்து திரையை எட்டிப் பார்த்தா. பூட்டின படம் ஒண்டு கிடந்தது. எனக்கு அது வெறும் பொடி. இடம் மாறினாலும் நிறம் மாறாது எண்டு நான் யோசிக்கேல்லை. அவா கண்ணைச் சுருக்கிப் பார்த்துப்போட்டுச் சொன்னா:

"உது எங்கட பிள்ளையின்ர சாமத்தியச் சடங்குப் படமெல்லே? அந்த நாவல் சீலைக்கு மஞ்சள் பிளவுஸ் தைச்சது நானெல்லோ!"

குப்புறப் போட்ட தாள்

அண்டைக்கே இடம் மாத்திறதை விட்டிட்டு, ஒவ்வொரு புள்ளியோடயும் துள்ளுற எண் ஒண்டைக் கலக்கிற மாதிரி மாத்தி எழுதினன். எல்லாருக்கும் ஒரே திறப்பு. ஆளுக்கொண்டு ஆர் நினைவில வைச்சிருக்கிறது? ஸ்கந்தபுரம் லெட்சுமி அக்காவின்ர காணி அனுமதிப்பத்திரமும் அப்பத்தான் பூட்டினது. மலையகத் தேயிலைத் தோட்டத்தில இருந்து வந்து குடியேறின குடும்பம். காணி தங்கடை எண்டு காட்ட அவையிட்ட இருந்தது அந்த ஒரு தாள்தான்.

அந்தக் கிழமை கௌரி ரீச்சர் சோதனைத்தாள் ஸ்கான் பண்ண வந்தா. கணக்கு ரீச்சர். அவசரத்தில ஒரு தாளைக் குப்புறப் போட்டிட்டன். வெறும் வெள்ளை ஸ்கானாகிப் பூட்டியும் போச்சு. ரீச்சர் விடேல்லை. அந்தப் பூட்டின வெள்ளையையும் தன்ர பூட்டின தாள் ஒண்டையும் வாங்கி லப்டொப்பில அரை மணித்தியாலம் தட்டினா. திறப்பே கேளாமல் தாளைத் திறந்து காட்டினா! வெள்ளை முழுக்க அநேகமா ஒரே எண்தானே, அதைக் கழிச்சால் மிச்சம் துள்ளின எண்கள் மட்டும்தான், திறப்பு ஒண்டெண்டபடியால் எல்லாத் தாளுக்கும் அதே எண்கள். எனக்கு முகத்தை எங்க வைக்கிறதெண்டு தெரியேல்லை. ரீச்சர் சொன்னா:

"கதவை வடிவாப் பூட்டிப்போட்டுத் திறப்பை நிலையில தொங்கவிட்டிருக்கிறீர்."

புதுக் கணினி

எல்லாத்தையும் திறந்து வேற பூட்டுப் போடவேணும் எண்டு நினைச்சன். நாளைக்கு, நாளைக்கு எண்டு மாரி வந்திட்டுது. இடி விழுந்து கணினி எரிஞ்சுது. ஹார்ட் டிஸ்க் மட்டும் தப்பிச்சுது. அதைப் புதுக் கணினியில மாட்டின மறுகிழமை லெட்சுமி அக்கா ஓடி வந்தா. பத்திரத்தைக் கறையான் திண்டிட்டுது. விடிஞ்சால் காணி நடமாடும் சேவை, அதிகாரிமார் ஊருக்கே வருகினம். பத்திர இலக்கம் தெரிஞ்சால்தான் காணி அலுவலகத்தில பைலைத் தேடலாமாம்.

திறப்பு எண்ணை அடிச்சன். திரை முழுக்க மணல். திரும்ப அடிச்சன். மணல்! புதுக் கணினி கடைசித் தசமத்தை வேற மாதிரி வெட்டுது. மயிரளவு மாறினாலும் மாறுற கணக்கெல்லே, பழைய துள்ளல் வரவேயில்லை. எழும்பினன், இருந்தன், வாசலுக்குப் போய்த் திரும்ப வந்தன். அக்கா கேட்டா:

"பத்திரமா வச்சிருக்கேன்னு சொன்னியே புள்ள, என்கிட்ட இருந்தா பத்திரமா வச்ச?"

அதே தாள்

அப்பதான் ரீச்சர் சொன்னது நினைவு வந்தது. வெக்கத்தில அழிக்கப் போன அந்த வெள்ளைத்தாள் அழிபடாமல் டிஸ்கில கிடந்தது. எரிஞ்ச கணினியின்ர எண்கள் முழுக்க அதுக்குள்ள! வெள்ளையைக் கழிச்சு, மிச்சத்தைப் பத்திரத்தில போட்டன். அங்கங்க புள்ளி விழுந்து, இலக்கமும் அவாவின்ர புருசன்ர பேரும் எழும்பி வந்தது. எனக்கு அழுகை வந்திட்டுது. என்ர பூட்டு ஓட்டையாய் இருந்தபடியால்தான் திறந்தது எண்டு உண்மையைச் சொன்னன். அக்கா பிரதியைச் சொப்பிங் பையில சுத்திக்கொண்டு சிரிச்சா.

"பூட்டு நல்லதா இருந்திருந்தா எங்க காணியே போயிருக்கும் புள்ள!"

இப்ப நானும் உலகம் முழுக்கப் பாவிக்கிற பூட்டைத்தான் போடுறன், என்ர கெட்டித்தனம் மட்டும் அந்தப் பூட்டின வெள்ளைத்தாளின்ர மணற் படமாய்ப் பிரேம் போட்டுச் சுவரில தொங்க, வாற சனமெல்லாம் "ரீவி பழுதோ தங்கச்சி?" எண்டு கேட்குது.