பெற்றோரின் தொழில்

எனக்குச் சந்தேகம் கொஞ்சம் அதிகம். என் கணவர் இதைக் குறை என்பார், நான் கெட்டித்தனம் என்பேன். கடையில் அரை விலை என்று ஒட்டியிருந்தால் திகதியைப் பார்க்காமல் எடுக்க மாட்டேன். யாராவது காரணமில்லாமல் சிரித்தால், இந்தச் சிரிப்புக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தேடுவேன். ஆகவே மகளின் வாசிப்பு ரீச்சர் இனி வரமாட்டார் என்று கேள்விப்பட்டபோது எனக்கு முதலில் வந்தது கவலையல்ல, சந்தேகம்தான்.

நாங்கள் இலங்கையிலிருந்து வந்து மெல்பேணில் நோபல் பார்க்கில் இருக்கிறோம். மகள் அப்போது இரண்டாம் வகுப்பு. வாய் காது வரைக்கும் நீளும், ஆங்கிலத்தில் பொரிந்து தள்ளுவாள், ஆனால் எழுத்தைக் கண்டால் நின்றுவிடுவாள். பள்ளிக்கூட நூலகத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை இருந்தது. அவளைப் போலப் பின்தங்கிய பிள்ளைகளைக் காலையில் வகுப்பிலிருந்து கூட்டிப்போய் அங்கே வைத்து வாசிக்கப் பழக்குவார் அந்த ரீச்சர். கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்டிருக்கும் வயதான மனிசி. சத்தமே போடமாட்டார். அவரிடம் போகத் தொடங்கிய பிறகுதான் மகள் காரிலிருந்து கடைப் பலகைகளை எழுத்துக்கூட்டி வாசிக்க ஆரம்பித்தாள். ஒரு முறை டண்டினோங் வீதி முழுக்க வாசித்துக்கொண்டே வந்தாள். நான் சிவப்பு விளக்கு வரவேண்டும், கார் நிற்கவேண்டும் என்று நேர்ந்துகொண்டே ஓட்டினேன்.

புது வருடம் பள்ளி தொடங்கியபோது அந்த அறையில் பழைய கணினிகளை அடுக்கியிருந்தார்கள். ரீச்சர் இல்லை. வகுப்பாசிரியையிடம் கேட்டேன். இந்த வருடம் அதற்குப் பணம் வரவில்லை என்றார். பணம் வரவில்லையாம்! பள்ளி வாசலில் புதிதாக ஒரு மின்பலகை நாள் முழுவதும் பச்சையும் நீலமுமாக ஓடிக்கொண்டிருந்தது. மைதானத்தில் பிளாஸ்டிக் புல் போட்டிருந்தார்கள். அதிபர், அதாவது தலைமையாசிரியை, புதுக் காரில் வந்து இறங்கினார். எனக்குக் கணக்குப் போட்டுக் காட்ட ஒருவரும் தேவைப்படவில்லை.

பக்கத்துத் தெருவில் இருக்கும் சிநேகிதியின் மகனும் அதே வாசிப்புக் குழுவில்தான் இருந்தான். அவருடைய கணவர் வான் ஓட்டி வீடு வீடாகப் பொதி கொடுக்கிறவர். சிநேகிதி என்னைவிட இளையவர், ஆனால் சூடு பிடித்தால் என்னைவிட மோசம்.

"எங்கையோ காசு அடிக்கிறாங்கள் அக்கா. நீங்கள் உள்ளுக்குப் போய்ப் பாருங்கோ. உங்களுக்குத்தான் அவையளோட கதைக்கத் தெரியும்" என்றார்.

உள்ளுக்குப் போக ஒரு வழி இருந்தது. இங்கே அரசாங்கப் பள்ளிக்கூடம் ஒவ்வொன்றுக்கும் ஒரு சபை உண்டு. பெற்றோரும் ஆசிரியர்களும் அதிபரும் சேர்ந்து உட்கார்ந்து வரவு செலவைப் பார்ப்பார்கள். பெற்றோருக்கான இடம் ஒன்று காலியாக இருந்தது. நான் பெயர் கொடுத்தேன். வேறு ஒருவரும் கொடுக்கவில்லை. போட்டியின்றித் தெரிவான உறுப்பினர் என்று கணவர் கும்பிட்டு வழிவிட்டார்.

ஆசிரியர்களின் ஓய்வறையில்தான் கூட்டம் நடக்கும். தேநீரும் பிஸ்கட்டும் வைத்திருப்பார்கள். நான் முதலிரண்டு கூட்டங்களில் பிஸ்கட்டைத் தொடவேயில்லை. சாப்பிட்டுவிட்டால் கேள்வி கேட்க நா எழாது என்று ஒரு எண்ணம். நான் கேட்ட கேள்விகளைக் கேட்டு, பொருளாளராக இருந்த ஒரு அப்பா, குழாய் வேலை செய்பவர், கண்ணை மூடித் திறந்தார். மின்பலகைக்கு எங்கிருந்து பணம்? அது மாநில அரசு கட்டுமானத்துக்கென்று தனியாகக் கொடுத்தது, அதில் ஆசிரியருக்குச் சம்பளம் கொடுக்க முடியாது. புல்? அதுவும் அப்படித்தான். ஆசிரியர்களை எடுப்பதும் விடுவதும் யார்? அதிபர். சபை அதில் தலையிட முடியாது. கல்வித் திணைக்களம் பிள்ளைகளின் தொகையையும் அவர்களின் தேவையையும் பார்த்துப் பணம் அனுப்பும், அதற்குள் அதிபர் ஆட்களை வைத்துக்கொள்ளவேண்டும். எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது. ஒரு பிழையும் அகப்படவில்லை. பிழையே இல்லாத இடம் எனக்கு எப்போதும் பயத்தைத் தரும்.

பிறகு ஒரு கூட்டத்தில் அதிபர் சுவரில் ஒரு வரைபடத்தைப் போட்டுக் காட்டினார். நப்லான் முடிவுகள். மூன்றாம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நாடு முழுவதும் வைக்கும் சோதனை அது. எங்கள் ஆட்கள் அதை ஊரில் நடக்கும் புலமைப்பரிசில் பரீட்சை போலவே எடுத்துக்கொண்டு சனி ஞாயிறில் ரியூசனுக்கு அனுப்புவார்கள். வரைபடத்தில் எங்கள் பள்ளி சிவப்பாக இருந்தது, அதாவது ஒப்பிட்ட பள்ளிகளைவிடக் கீழே.

பிள்ளைகள் முந்தியதைவிடப் பின்னுக்குப் போய்விடவில்லை என்றார் அதிபர். எங்களை யாரோடு ஒப்பிடுகிறார்கள் என்பதுதான் மாறியிருக்கிறது. பெற்றோரின் படிப்பும் தொழிலும் எங்களோடு ஒத்த பள்ளிகளோடுதான் எங்களை ஒப்பிடுவார்கள். எங்கள் குடும்பங்கள் சில வருடங்களாக நன்றாக முன்னேறியிருக்கின்றன. பொறியியலாளர்கள், கணக்காளர்கள், முகாமையாளர்கள். ஆகவே இப்போது வசதியான இடத்துப் பள்ளிகள் எங்களுக்குப் பக்கத்தில் நிற்கின்றன. கஷ்டப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகளுக்கென்று வரும் மேலதிகப் பணமும் அதே கணக்கை வைத்துத்தான் வரும். அது குறைந்ததால்தான் வாசிப்பு ரீச்சரை வைத்திருக்க முடியவில்லை.

"ஒரு விதத்தில் நல்ல செய்திதான்" என்று அவர் சிரித்தார். சுற்றி இருந்தவர்களும் தலையாட்டினார்கள். எனக்கும் ஒரு கணம் பெருமையாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகுதான், யார் இந்தப் பொறியியலாளர்கள் என்று யோசித்தேன்.

பள்ளி விடும் நேரத்தில் வாசலில் நிற்கிறவர்களை மனதுக்குள் நிறுத்திப் பார்த்தேன். மஞ்சள் வெளிச்சச் சட்டையோடு வேலைத்தலத்திலிருந்து நேரே வரும் அப்பாமார். முதியோர் இல்லத்துச் சீருடையைக் கழற்ற நேரமில்லாத அம்மாமார், அதில் நானும் ஒருத்தி. கோழித் தொழிற்சாலையில் நின்ற குளிர் விடாமல் கைகளைச் சட்டைப்பைக்குள் வைத்திருப்பவர்கள். முகாமையாளர் எங்கே நின்றார்? கடவுளே, இது எங்கள் ஆட்கள் பள்ளிப் படிவத்தில் பார்த்த வேலை.

வீட்டுக்கு வந்ததும் கணவரிடம் கேட்டேன். மகளைப் பள்ளியில் சேர்த்தபோது நான் வேலையில் நின்றேன், விபரங்களைக் கொடுத்தது அவர்தான்.

"பெற்றோரின் தொழில் எண்ட இடத்தில உங்களுக்கு என்ன எழுதினனீங்கள்?"

"சிவில் எஞ்சினியர்." ஒரு தயக்கமும் இல்லாமல் சொன்னார்.

அது பொய்யல்ல. ஊரில் அவர் வீதி போட்டவர், பாலம் கட்டியவர். இங்கே குளிர்க் களஞ்சியத்தில் மரக்கறிப் பெட்டி ஏற்றி இறக்குகிறார்.

"இப்ப செய்யிற வேலையைத்தானே கேட்டவங்கள்?"

"ஏன் கேக்கிறாங்கள்? பிள்ளையைப் படிப்பிக்கிறதுக்கு அப்பன் என்ன செய்யிறான் எண்டது இவங்களுக்கு எதுக்கு? பெட்டி தூக்கிறவன் எண்டு எழுதினால் பிள்ளையைக் கடைசி வாங்கில இருத்துவாங்கள். ஊரில நாங்கள் பாக்காததோ?"

அவர் சொன்னதும் சரிதான். நாங்கள் படித்த இடத்தில் தகப்பனின் தொழிலைக் கேட்டுவிட்டுத்தான் பிள்ளையின் முகத்தைப் பார்த்தார்கள். கேள்வி கேட்கிறவன் நன்மைக்குக் கேட்பான் என்று எங்களுக்கு யார் சொல்லித் தந்தார்கள்? சந்தேகம் எனக்கு மட்டும் சொந்தமானது என்று நினைத்திருந்தேன். அவரிடம் இருந்தது என்னுடையதைவிட ஆழமானது.

"இஞ்சை அது மற்றப் பக்கமாய் வேலை செய்யுது. நீங்கள் கீழ எண்டால்தான் பிள்ளைக்கு மேலதிகமாய்க் குடுப்பாங்கள்" என்று விளக்கினேன். அதிபர் சொன்னது முழுவதையும் சொன்னேன்.

பிறகு, "அப்ப நான் படிச்சதெல்லாம்?" என்றார்.

"படிப்புக்குப் படிவத்தில வேற இடம் இருக்கு. அதை ஆரும் வெட்டச் சொல்லேல்ல."

அடுத்த நாள் வேலைக்குப் போகும் வழியில் பள்ளி அலுவலகத்தில் இறங்கி மாற்றிவிட்டார். அலுவலகப் பெண் ஸ்டோர்மன் என்று அவர் சொன்னதைத் திருப்பிச் சொல்லிக்கொண்டே கணினியில் அடித்தாளாம். பின்னால் வேறு பெற்றோர் நின்றார்களாம். அன்றைக்கு அவரை நினைத்து எனக்கு அழுகை வந்தது. அந்தக் கேள்வியை அப்படி மொட்டையாகக் கேட்டு வைத்தவர்கள் மேல் ஆத்திரமும் வந்தது.

எங்கள் ஒரு வீடு மட்டும் மாறிப் பயனில்லை. பள்ளித் தமிழ்ப் பெற்றோருக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. அதில் எல்லாவற்றையும் விளக்கிக் குரல்பதிவு போட்டேன். திணைக்களத்துக்குக் கணக்கு அனுப்புவதற்கு முன் விபரங்களைத் திருத்தலாம், கேள்வி கேட்க மாட்டார்கள், செய்கிற வேலையை உள்ளபடி சொல்லுங்கள் என்றேன். எல்லோரும் கேட்டதற்கு அடையாளமாக நீல நிறம் வந்தது. பதில் வரவில்லை.

பிறகு ஒருவர், பள்ளிக்கூடம் இதை ஏன் உங்களைக் கொண்டு கேட்கிறது என்று எழுதினார். இன்னொருவர், இது நேரே விசா கொடுக்கிற கந்தோருக்குப் போகும் என்றார். கடைசியாக ஒரு அங்கிள், பெயர் சுட்டாமல், "கவனம் பிள்ளையள், தலையாட்டியள் இஞ்சையும் இருக்கினம்" என்று எழுதினார்.

யுத்தகாலத்தில் ஊரைச் சுற்றி வளைத்து ஆட்களை வரிசையாக நடக்கவிடுவார்கள். முகத்தைச் சாக்கால் மூடிய ஒருவர் இராணுவத்துக்குப் பக்கத்தில் இருப்பார். அவர் யாரைக் கண்டு தலையை ஆட்டுகிறாரோ அவரைப் பிடித்துக்கொண்டு போவார்கள். போனவர்கள் எல்லோரும் திரும்பி வரவில்லை. அந்தச் சொல்லைத்தான் அங்கிள் எனக்குச் சூட்டி எழுதியிருந்தார். சிநேகிதியும் அந்தக் குழுவில் இருந்தார். அவரும் ஒன்றும் எழுதவில்லை. நான் அதற்குப் பிறகு வாயே திறக்கவில்லை.

கணக்கு அனுப்புவதற்கு முந்திய கடைசிக் கூட்டம் முடிந்ததும் அதிபர் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். ஒரு குடும்பம் விபரத்தைத் திருத்தியிருக்கிறது, வேறு குடும்பங்களும் இப்படி இருக்குமோ என்று கேட்டார்.

"உங்களுக்கு அவர்களைத் தெரியும். யாரென்று சொன்னால் போதும். ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, மொழிபெயர்ப்பாளரையும் வைத்துக்கொண்டு, நானே மெதுவாகப் பேசுவேன். போதிய பேர் திருத்தினால் அடுத்த வருடம் வாசிப்பு ரீச்சரை எடுக்கலாம்."

சிரித்தார். வழக்கம்போல அந்தச் சிரிப்புக்குப் பின்னால் தேடினேன். ஒன்றும் இருக்கவில்லை. அவர் உண்மையாகவே என் மகளுக்கு ரீச்சர் வேண்டும் என்றுதான் கேட்டார். எனக்கு ஒவ்வொரு வீடும் தெரியும். சிநேகிதி தன் கணவருக்கு முகாமையாளர் என்று போட்டதை என்னிடமே சொல்லிச் சிரித்திருக்கிறார். நான் பெயர்களைச் சொல்லிவிட்டால் அந்த அறையைத் திறந்துவிடுவார்கள், என் பிள்ளை வாசிப்பாள். ஆனால் அதிகாரத்தில் இருப்பவர் ஒருவர் ஆட்களின் பெயர் கேட்க, நான் தலையை ஆட்டுவதா? கழுத்து மரத்துப்போய் நின்றேன்.

"எனக்கு ஒருவரையும் தெரியாது" என்றேன்.

திணைக்களத்திலிருந்து அடுத்த வருடத்துக்கான கணக்கு வந்தது, மேலதிகப் பணம் கூடவில்லை. சின்ன அறையில் கணினிகள் அப்படியே இருக்கும் என்று சபையில் முடிவானது. நானும் அதற்குக் கை உயர்த்தினேன், வேறு வழியில்லை.

அடுத்த நாள் பள்ளி வாசலில் சிநேகிதியைக் கண்டேன். ரீச்சர் வரப்போவதில்லை என்று சொன்னேன். பிறகு, நான் செய்தது அவருக்குத் தெரியவேண்டும் என்று, குரலைத் தணித்துச் சொன்னேன்.

"அதிபர் என்னட்டை ஆக்களின்ர பேர் கேட்டவ. உம்மட பேரும் அதில வந்திருக்கும். நான் ஒண்டும் சொல்லேல்ல."

அவர் என் கையைப் பிடித்து நன்றி சொல்லுவார் என்று எதிர்பார்த்தேன்.

"ஏனக்கா சொல்லேல்ல?"

எனக்கு விளங்கவில்லை.

"நானாப் போய் என்னெண்டு சொல்லுறது? மனுசன் சம்மதிக்குமே? அவ கூப்பிட்டுக் கேட்டிருந்தா ரண்டு பேரும் ஓம் எண்டிருப்பம். கேக்கிறாங்களே, என்ன செய்யிற எண்டு சொல்லியிருப்பம். கூப்பிடுவினம் கூப்பிடுவினம் எண்டு போனைப் பாத்துக்கொண்டு இருந்தனாங்கள்."

"ஆர், நீங்கள் ரண்டு பேருமோ?"

"எல்லாரும்தான். நீங்கள் உள்ளுக்கு இருக்கிறியள், எப்பிடியும் சொல்லுவியள் எண்டு உங்களை நம்பித்தான் அக்கா இருந்தம்."

அதிபரையும் திணைக்களத்தையும் பொருளாளரையும், வாட்ஸ்அப் குழுவில் இருந்த அத்தனை பேரையும் நான் சந்தேகப்பட்டிருக்கிறேன். என்னை யாராவது நம்பிக்கொண்டிருப்பார்கள் என்று மட்டும் எனக்கு ஒரு நாளும் தோன்றவில்லை.