இருபத்தெட்டாவது ஸ்லைடு

அந்த ஆடியில் எனக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு மனிதரின் கவனம். சென்னையிலிருந்து வந்திருந்த பேராசிரியர் அவர். தன் ஆய்வுத் திட்டத்துக்கு ஓர் ஆளைத் தேடிக்கொண்டிருந்தார். குற்றாலத்துக் கருத்தரங்கில் பேசுகிறவர்களிலிருந்தே எடுப்பேன் என்று முன்பே சொல்லியிருந்தார். அடுத்த வருடம் அந்த வேலைக்கான வயது வரம்பை நான் தாண்டிவிடுவேன். தென்காசியில் கௌரவ விரிவுரையாளன். ஒவ்வொரு ஜூனிலும் திரும்பக் கூப்பிடுவார்களா என்று போனையே பார்த்திருக்கும் பிழைப்பு.

சொல்வதற்கு என்னிடம் ஒன்று இருந்தது. நான்கு சீசன் அருவிக்கரைக் கடைகளில் நின்று, நனைந்து, கேட்டுக் கண்டது. குற்றாலத்துக் கடைக்காரரைச் சாய்ப்பது மழை பொய்ப்பதல்ல, மழை கொட்டுவது. வெள்ளம் வந்து குளிக்கத் தடை விழும் நாளில்தான் வாங்கிக் குவித்த பழமும் துண்டும் அப்படியே கிடக்கின்றன. இவ்வளவுதான். ஒரு மூச்சில் சொல்லிவிடலாம். அதை நான் இருபத்தெட்டாவது ஸ்லைடில், கடைசியில், வைத்திருந்தேன்.

"எடுத்த எடுப்புல முடிவச் சொல்லிட்டா அப்புறம் எவன்வே உக்காந்து கேப்பான்?" என்றார் என் நெறியாளர். ஆகவே முதலில் நன்றி, அவர் படம், கல்லூரிச் சின்னம், வரையறை, நோக்கம், முன்னோர் செய்த ஆய்வு. ஆய்வேட்டின் பத்திகளை அப்படியே வெட்டி ஒட்டினேன். அழகுபடுத்தியவன் என்னோடு பாடம் நடத்தும் ஆலங்குளத்து நண்பன். பின்னணியில் சுந்தரபாண்டியபுரத்துச் சூரியகாந்தி வயல். அதன்மேல் மஞ்சள் எழுத்து. ஒவ்வொரு வரியும் ஓரத்திலிருந்து பறந்துவந்து உட்காரும்.

"இவ்வளவு வேணுமாலே?" என்றேன்.

"வெறும் வெள்ளையா வச்சா கருமாதிப் பத்திரிகை மாதிரி இருக்கும்லே. உன் மூஞ்சிக்கு இதாவது பளிச்சுனு இருக்கட்டும்."

தொடக்க விழாவில் பொன்னாடைகள் தீரவே இல்லை. காலை கரைந்து, எனக்கான பதினைந்து நிமிடம் ஐந்தாகிவிட்டது. மேடையேறி, திரையைப் பார்த்து, சபைக்கு முதுகைக் காட்டி வாசித்தேன். ஜன்னல்களுக்குத் திரைச்சீலை இல்லை; சாரலோடு கலந்த வெயில் உள்ளே வந்து என் மஞ்சளையெல்லாம் கழுவிவிட்டது. பூக்கள் தெரிந்தன, எழுத்து தெரியவில்லை. முன்வரிசையில் பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார், மறுபடி கழற்றினார். நான் வரையறையில் நிற்கும்போதே மணி அடித்தது.

"கடைசிக்குப் போலே," என்று மடிக்கணினியருகே இருந்த நண்பனிடம் கிசுகிசுத்தேன்.

"போவ மாட்டேங்குதுலே. எல்லா வரியும் பறந்து முடிச்சாத்தான் அடுத்தது வருது."

தட்டினான், தட்டினான். வரிகள் வந்தன, உட்கார்ந்தன, இன்னும் வந்தன. எனக்கு வாய் இருந்தது, கையில் மைக் இருந்தது. ஸ்லைடு வரட்டும், ஸ்லைடு வரட்டும் என்று திரையையே பார்த்து நின்றேன். தலைமை வகித்தவர் நன்றி சொல்லி அடுத்தவரைக் கூப்பிட்டார்.

சாப்பாட்டுக்குப் பின் எல்லோரும் துண்டோடு அருவிக்கு இறங்கினார்கள். பேராசிரியரைத் தேடி நானும் ஓடினேன். மலைமேல் பெய்திருந்தது. மெயினருவி காவி நிறத்தில் புரண்டு விழ, போலீஸ்காரர்கள் கயிறு கட்டி விசிலடித்துக்கொண்டிருந்தார்கள். பேராசிரியர் தலையில் எண்ணெய் வழிய, கயிற்றுக்கு இப்பால் நின்றிருந்தார். அவர் பின்னால் மங்குஸ்தான் கூடைகள், கொடியில் ஈரம் காணாத துண்டுகள், வாங்க என்று கூப்பிடக்கூட மனமில்லாத முகங்கள்.

கிட்டே போய்ச் சொன்னேன். கத்திச் சொன்னேன். கடைகளைக் கையால் காட்டினேன். ஒரு டீ ஆறுகிற நேரம்கூட ஆகவில்லை. அவர் திரும்பிப் பார்த்தார், பழக்காரரிடம் போய், "மழை இல்லாத வருஷத்தைவிட இது மோசமா?" என்று கேட்டார்.

"மழ இல்லன்னா கம்மியாச் சரக்கெடுப்போம் சார். இது எடுத்தப்புறம்லா கயித்தக் கெட்டுதாங்க."

என்னிடம் வந்தார். "இத ஏன் நீங்க மேடையில சொல்லல?"

"கடைசி ஸ்லைடுல இருந்தது சார்."

எண்ணெய் கண்ணில் இறங்க, துண்டால் ஒற்றிக்கொண்டார். "சாப்பிடும்போதே இன்னொருத்தர் பேரைச் சொல்லிட்டேன். அவங்ககிட்டயும் சொல்லியாச்சு. அடுத்த வருஷம் பாக்கலாமே."

என் வயதைச் சொல்ல வாயெடுத்தேன். அருவி இரைந்தது. அவர் கையைக் காதருகே குவித்து, "என்ன?" என்றார்.

"ஒண்ணுமில்ல சார்."