இணைப்பு: மனுவின் நகல்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஐப்பசி மழை விடாமல் பிடித்திருந்த நேரம். புதுக்கோட்டை மாவட்டத்தில் ஓர் அரசு மருத்துவமனையின் அலுவலகத்தில் உதவியாளராக இருந்தேன். எந்த மருத்துவமனை என்று மட்டும் கேட்காதீர்கள். கீரனூரிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருவேன். தகவல் உரிமைச் சட்டத்தில் வரும் மனுக்களை வாங்கிப் பதிவு செய்து, பதில் தயாரித்துக் கையெழுத்துக்கு வைப்பது என் சீட் வேலை.

என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். ஃபைல் தேங்கினால் எனக்குச் சோறு இறங்காது. ஐந்து நாள் அவகாசம் இருக்கிற வேலையை அன்றைக்கே முடித்துவிட்டுத்தான் பஸ் ஏறுவேன். ஆபீசில் எனக்கு ‘ரூல்ஸ் மேடம்’ என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். கேலிக்குத்தான் வைத்தார்கள். எனக்கோ உள்ளுக்குள் கொள்ளைப் பெருமை.

எங்கள் மாடியைக் கூட்டித் துடைக்கிற அக்கா ஒருவர் இருந்தார். வல்லத்திராக்கோட்டைப் பக்கத்துக்காரர். அரசு வேலை இல்லை, துப்புரவுக் கான்ட்ராக்ட் கம்பெனியின் ஆள். அவர் கணவர் தென்னை மரத்திலிருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் கட்டிலோடு கிடந்தார். பிள்ளைகள் கிடையாது. அதனால் அக்கா கெஞ்சிக் கூத்தாடி காலை ஷிப்டை மட்டும் வாங்கி வைத்திருந்தார். விடிவதற்குள் கணவருக்கு எல்லாம் செய்துவிட்டு முதல் பஸ்ஸில் வருவார். மதியம் ஒன்றரைக்குக் கிளம்பினால்தான் வீட்டுக்குப் போய் அவரைப் புரட்டிப் படுக்கவைத்து, துடைத்துவிட்டு, சோறு ஊட்ட முடியும். அந்த ஷிப்ட் போனால் அந்த வீடு அவ்வளவுதான். இது அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும்.

அப்போது மருத்துவமனைக்கு ஒரு நிர்வாக மேலாளர் வந்திருந்தார். நிர்வாகத்தைச் சீர்படுத்துவதற்காக என்று கான்ட்ராக்டில் எடுத்த பதவி. துப்புரவுக் கம்பெனியின் பில் அவர் கையெழுத்தில்தான் பாஸ் ஆகும். அவருக்கும் சம்பளம் மருத்துவமனைப் பணத்திலிருந்துதான் போகிறது, ஆனால் எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. வாசலில் இருக்கிற டீக்கடையில் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். அந்த மாதம் துப்புரவுப் பெண்களுக்குச் சம்பளத்தைக் குறைத்தார்கள். கேட்டதற்கு, ஃபண்டு இல்லை என்று மேலாளர் சொல்லிவிட்டார்.

ஒரு நாள் அக்கா மாப்பைச் சுவரில் சாய்த்துவிட்டு என் மேஜைக்கு வந்தார்.

“மேடம், எங்க சம்பளம் ஊருக்கே தெரியும். ஒங்க சம்பளமும் எல்லாருக்கும் தெரியும். அந்த சாரு சம்பளம் மட்டும் என்ன தங்க ரகசியமா? ஃபண்டு இல்லேன்னு அவருதான சொல்றாரு? எம்புட்டு வாங்குறாருன்னு கேட்டா சொல்லுவாங்களா?”

எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. தகராறுக்காரர்கள் எழுதும் மனுக்களையே பார்த்துப் பார்த்து அலுத்திருந்தேன். இவ்வளவு நியாயமான கேள்வி என் சீட்டுக்கு வந்ததே இல்லை. தாராளமாகக் கேட்கலாம் என்றேன். மறுநாள் அக்கா கோடு போட்ட தாளில் எழுதிக்கொண்டு வந்தார். எட்டாவது வரை படித்தவர், எழுத்து குண்டு குண்டாக அழகாக இருந்தது. ‘ஏன் இவ்வளவு கொடுக்கிறீர்கள்’ என்று எழுதியிருந்ததை அடிக்கச் சொல்லி, ‘சம்பள ஆணையின் நகல் வேண்டும்’ என்று மாற்றச் சொன்னேன். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் என் டிராயரில் ஒன்று கிடந்தது. நானே எடுத்து ஒட்டினேன். “ஆதார் ஜெராக்ஸ் ஒண்ணு சேத்து வைங்கக்கா” என்றும் சொன்னேன். சட்டத்தில் அப்படி எதுவும் கேட்கவில்லை. ஆபீஸ் பழக்கம், வாயில் தானாக வந்துவிட்டது.

கொடுக்கும்போது அக்கா கொஞ்சம் தயங்கினார். “எம் பேரு வெளிய தெரியாதுல்ல மேடம்? எனக்கு அந்த ஷிப்டு இல்லேன்னா முடியாது.”

“நான்தானக்கா இந்த சீட்டுல ஒக்காந்திருக்கேன், பயப்படாமப் போங்க” என்றேன்.

அன்று மதியமே ஃபைலைத் திறந்தேன். இதற்கு முன்பு இன்னொருவரைப் பற்றி யாரோ தகவல் கேட்ட பழைய ஃபைல் ஒன்று பீரோவில் இருந்தது. எனக்கு முன்னால் அந்த சீட்டில் இருந்தவர், சம்பந்தப்பட்டவருக்கே கடிதம் எழுதி ஆட்சேபணை உண்டா என்று கேட்டிருந்தார். மூன்றாம் நபரைப் பற்றிய தகவல் என்றால் அப்படிக் கேட்க வேண்டும் என்று விதி இருக்கிறது. ஆனால் இது அரசுப் பணத்தில் போகிற சம்பளம். யாரும் கேட்காமலேயே வெளியே எழுதிப் போட்டிருக்க வேண்டியது. அதை நான் யோசிக்கவில்லை. பழைய கடிதத்தைப் பார்த்து அப்படியே அடித்தேன். ‘தங்களைப் பற்றிய தகவல் கோரப்பட்டுள்ளது. ஆட்சேபணை இருப்பின் தெரிவிக்கவும்.’ கீழே ‘இணைப்பு: மனுவின் நகல்’ என்று அடித்துவிட்டு, அதன்படியே மனுவை ஜெராக்ஸ் எடுத்துப் பின் போட்டேன். பெயர், ஊர், செல் நம்பர், ஆதார் எல்லாம் அதில் இருந்தது. பெயர் மேல் ஒரு வெள்ளைத் தாளை வைத்து ஜெராக்ஸ் எடுக்க எத்தனை வினாடி ஆகும்? சத்தியமாகச் சொல்கிறேன், அது எனக்குத் தோன்றவே இல்லை. அக்காவுக்குக் கொடுத்த வாக்கு என் தலையிலேயே இல்லை. ஃபைல் நகர்கிறது என்ற சந்தோஷம் மட்டும்தான் இருந்தது.

சூப்பிரண்டு படித்துப் பார்க்காமலேயே கையெழுத்துப் போட்டார். நான் வைக்கிற ஃபைல் என்றால் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. மேலாளர் அறையில் கொடுத்து, தபால் நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, ஐந்தே முக்கால் பஸ்ஸைப் பிடித்தேன். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அன்றைக்கு ஏதோ நல்லது செய்துவிட்ட திருப்தியில் கீரனூர் வரை தூங்கிக்கொண்டே போனேன்.

இரண்டு நாள் கழித்து, மாடியை வேறொரு பெண் துடைத்துக்கொண்டிருந்தார். அக்கா எங்கே என்று கேட்டேன். மணமேல்குடிப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரிக்கு மாற்றிவிட்டார்கள், பகல் முழுக்க டூட்டி என்றார். வேலையை விட்டு யாரும் நீக்கவில்லை பாருங்கள், அதனால் யாரும் எதுவும் கேட்க முடியாது. கம்பெனி சூப்பர்வைசரைப் பிடித்துக் கேட்டேன். “கம்பெனி முடிவு மேடம், எங்கிட்டக் கேட்டா?” என்று நகர்ந்துவிட்டார். மேலாளர் அறை வாசல் வரை போனேன். உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. கையில் இருந்த வேறு ஏதோ ஃபைலைக் காரணம் காட்டித் திரும்பி வந்துவிட்டேன்.

சனிக்கிழமை மதியம் அக்கா எங்கள் மருத்துவமனையின் அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுக்க வந்தார். என்னைத் தனியாக வராந்தாவுக்குக் கூப்பிட்டார். குரலில் கோபமே இல்லை, அதுதான் என்னைக் கொன்றது.

“மேடம், அந்த மனுவ எங்கிட்டே எடுத்து நீட்டி, இது நீதானன்னு கேட்டாங்க. எங் கையெழுத்து, எம் ஆதாரு எல்லாம் இருந்துச்சு. எப்புடி மேடம் மேல போச்சு?”

சொல்லியிருக்கலாம். நான்தான் அனுப்பினேன் அக்கா, புத்தி கெட்டுப் போய் அனுப்பினேன் என்று காலில் விழுந்திருக்கலாம். என் வாயில் வந்தது வேறு.

“தெரியலக்கா” என்றேன்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். “சரி மேடம், பஸ்ஸுக்கு நேரமாச்சு, வாரேன்” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

ஒரு மாதத்தில் மேலாளரின் பதில் வந்தது. ஆட்சேபணை உண்டு, சம்பளம் தன் சொந்த விஷயம் என்று எழுதியிருந்தார். அதை அப்படியே ஏற்று, தகவல் தர இயலாது என்று அக்காவின் விலாசத்துக்குப் பதில் அடித்ததும் நான்தான். விருப்பமிருந்தால் மேல்முறையீடு செய்யலாம் என்ற கடைசி வரியையும் அடித்தேன். அந்த மேல்முறையீட்டை விசாரிக்கிறவரும் அதே கட்டடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார்.

வேலையை விட முடியாமல் அக்கா மணமேல்குடிக்குப் போய் வந்திருக்கிறார். இருட்டோடு கிளம்பி, அறந்தாங்கியில் பஸ் மாறி, பொழுது சாய்ந்துதான் வீடு. பகலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் அவருடைய கணவருக்குச் சோறு கொடுத்தார்கள். புரட்டிப் படுக்கவைக்க யார் வருவார்கள்? தை பிறப்பதற்குள் முதுகெல்லாம் படுக்கைப் புண் வந்து, சீழ் பிடித்து, எங்கள் மருத்துவமனைக்கே தூக்கிக்கொண்டு வந்தார்கள். அக்கா தான் துடைத்த அதே தரையில், கட்டிலுக்குக் கீழே பாய் விரித்து உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் அவசரமாக எழுந்தார்.

“நீங்கதான் மனுவக் காட்டிக் குடுத்தீங்கன்னு இங்க வேல பாக்குற புள்ளைங்க சொல்லுதுங்க மேடம். போங்கடி, அந்த மேடம் அப்புடிப்பட்டவுங்க இல்லேன்னு நான் சண்ட போட்டேன்” என்றார்.

கையில் கொண்டுபோன ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கட்டில் மேல் வைத்தேன். அப்போதும் சொல்லவில்லை. அவர் கணவர் பதினோராம் நாள் இறந்துபோனார். அதற்குப் பிறகு அக்கா அந்தப் பக்கம் வரவே இல்லை.

மேலாளருக்குக் கான்ட்ராக்டை நீட்டித்தார்கள். அவர் சம்பளம் எவ்வளவு என்று இன்றுவரை எனக்கும் தெரியாது. நான் வேறு அலுவலகத்துக்கு மாற்றல் வாங்கி வந்துவிட்டேன். இங்கே தகவல் மனு என் சீட்டில் இல்லை, ஆனாலும் ஜெராக்ஸ் மெஷின் வெளிச்சம் ஓடும்போதெல்லாம் அந்தக் குண்டு எழுத்து கண்ணுக்குள் வந்து நிற்கிறது. வல்லத்திராக்கோட்டை இங்கிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம்தான், ஒரு தடவைகூட நான் போகவில்லை.

இதை எழுதி முடித்து உறையில் போடும்போது பத்திரிகை ஆசிரியருக்குத் தனியாக ஒரு துண்டுச் சீட்டும் எழுதி வைத்தேன், என் பெயரைத் தயவுசெய்து வெளியிட வேண்டாம் என்று. அந்த அக்காவின் பெயரை மறைக்க வேண்டும் என்று தோன்றாத எனக்கு, என் பெயர் என்றதும் உடனே தோன்றிவிட்டது.