பல்லுக்கு ஒரு சீட்டு, வயிற்றுக்கு ஒரு சீட்டு

அண்ணன் வாஷ்பேசினில் துப்பிய நுரை அன்று வெள்ளையாக இருந்தது. பல் விளக்கினாலே ஈறில் ரத்தம் வருகிற ஆள் அவன். நுரை எப்போதும் ரோஸ் நிறத்தில்தான் போகும். என்ன மாறியது என்று யோசித்தால் ஒன்றுதான் புதிது. வயிற்றுப்போக்குக்காகக் கம்பெனி டிஸ்பென்சரியில் கொடுத்த அமீபா மாத்திரை. வயிற்றுக்குத் தந்தது வாயிலும் வேலை செய்கிறதே என்று துண்டும் கையுமாக அப்படியே நின்றுவிட்டேன்.

எங்கள் ஹப்சிகுடா பக்கம் யாருக்கு வயிறு கெட்டாலும் அமீபாதான். குழாய்த் தண்ணீரைத் திட்டிவிட்டு மாத்திரையை நீட்டிவிடுவார்கள். ஆனால் மாத்திரை தீர்ந்ததும் அண்ணனுக்கு ஈறு மறுபடி வீங்கியது. பின்னாலேயே வயிறும் ரத்தமும் சளியுமாகக் கிளம்பியது. பெரிய ஆஸ்பத்திரியில் குழாய் விட்டுப் பார்த்து, இது அமீபா இல்லை, பெருங்குடலில் நாள்பட்ட அழற்சி, அடங்கும், திரும்ப வரும் என்றார்கள். அண்ணன் தொழிற்சாலையில் இன்னும் பயிற்சிக்காலத்தில் இருக்கிறான். இப்படி லீவு போட்டுக்கொண்டே இருந்தால் வேலை நிரந்தரமாகாது.

ஈறும் குடலும் சேர்ந்து புகைகின்றன என்று சொல்லலாம் என அவனோடு டிஸ்பென்சரிக்குப் போனேன். அங்கே ஒரு சீட்டுக்கு ஒரு வியாதிதான். பல் சீட்டில் வயிற்றைப் பற்றிப் பேசக் கூடாது. வயிற்று டாக்டர் பல்லைப் பல் டாக்டரிடம் கேட்கச் சொன்னார். பல் டாக்டர் வயிறு தன் டிபார்ட்மென்ட் இல்லை என்றார். நான் விடாமல் பேசவும், என்ன படிக்கிறாய் என்று கேட்டார். பி.எஸ்சி., மைக்ரோபயாலஜி என்றேன். அப்படியானால் முதலில் பாஸ் பண்ணு என்றார். அதோடு என் வாயையும் திறக்கச் சொல்லி, கடைவாயில் சொத்தை என்று அறிவித்தார்.

கல்லூரி நூலகத்துப் பாடப்புத்தகத்தில், இந்தக் குடல் நோய்க்காரர்களுக்கு வாய்ப்புண் வரலாம் என்று ஒரு வரி இருந்தது. ஈறைப் பற்றி நான் தேடியவரை ஒன்றும் இல்லை. நாள் முழுக்க எச்சிலை விழுங்குகிறோம். ஈறில் குடியிருக்கும் கிருமி பின்னே எங்கே போகும்?

எப்படியோ பல் டாக்டரிடம் கெஞ்சி அண்ணனுக்குப் பல்லைச் சுத்தம் செய்யவைத்தேன். வீட்டில் வேறு எதையும் மாற்றாதீர்கள் என்று தலையில் அடித்துக்கொண்டு சொன்னேன். அன்றைக்கே அம்மா மிளகாயையும் புளியையும் நிறுத்தினாள். அப்பா சார்மினார் பக்கத்து ஹக்கீமிடம் ஏதோ சூரணம் வாங்கி வந்தார். குடல் டாக்டரும் அதே வாரம் மாத்திரையைக் கூட்டினார். வயிறு அடங்கியது. மோர்சாதம்தான் என்றாள் அம்மா. சூரணம் என்றார் அப்பா. நாலும் ஒரே வாரத்தில் நடந்தால், ஈறுதான் என்று நான் எப்படிச் சொல்ல?

இதற்கு நடுவே அண்ணன் பிரஷ்ஷை ஒதுக்கிவிட்டு, விரலால் பல்பொடி தேய்க்க ஆரம்பித்தான்.

"பிரஷ் பட்டாத்தானே ரத்தம் வருது? நக்கோ, வேணாம் விடு."

"தேய்க்காததாலதாண்ணா வருது."

"ஆராய்ச்சி பண்ணணும்னா எலியைப் பிடிச்சுக்கோடி. நானா கிடைச்சேன்?"

இன்று காலை நுரை மறுபடி ரோஸ். வயிறு இன்னும் அமைதியாகத்தான் இருக்கிறது. வேலையை நிரந்தரமாக்குவதற்கான மெடிக்கல் பரிசோதனை அடுத்த மாதம். காட்டினேன், அவனும் குனிந்து பேசினைப் பார்த்துவிட்டுக் குழாயைத் திறந்து கழுவிவிட்டான்.

"ஹவ், சரி, செவ்வாய்க்கிழமை பல் டாக்டர்கிட்ட வர்றேன்," என்றான். "ஆனா அம்மாகிட்ட சொல்லி ரசத்துல மிளகாய் போடச் சொல்லு."

மாட்டேன் என்றேன். மிளகாய் வேண்டாம், மோர்சாதம் இருக்கட்டும், மாத்திரை இருக்கட்டும், அந்தப் பாழாய்ப்போன சூரணமும் இருக்கட்டும். இந்தத் தடவை ஈறு மட்டும்தான் மாற வேண்டும். செவ்வாய்க்கிழமை பல்லைச் சுத்தம் செய்தபின், தினமும் இரண்டு வேளை நான் பக்கத்தில் நின்று பிரஷ் பிடிக்கவைக்கப் போகிறேன். மெடிக்கல்வரை வயிறு கிளம்புகிறதா என்று பார்க்க வேண்டும். கிளம்பினால் நான் சொன்னது தப்பு, ஈறாவது மிஞ்சும்.