பச்சை பூட்ஸ் போன வழி

செடிகள் வளர்க்கும் அந்தக் கண்ணாடி வீட்டில் எல்லோரும் அவரைக் 'கதவு அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். மழைக்காடு, பாலைவனம், புல்வெளி, பனிநிலம் என்று வரிசையாக நான்கு அறைகள். வெளிவாசல் பனிநிலத்துக்கு அந்தப் பக்கம். அறைக்கு அறை வெயில் வேறு, மண் வேறு, பூட்ஸும் வேறு. ஓர் அறையின் நோய் இன்னொன்றுக்குப் போகாமலிருக்க, ஒவ்வொரு கதவிலும் பூட்ஸை மாற்றி, மருந்துத் தட்டில் காலை நனைத்துவிட்டுத்தான் தாண்டவேண்டும். மாற்றாமல் வந்த பெரிய அதிகாரியிடமே, "காட்டுச் சேத்தோட இங்க வர்றீங்களே, நல்லாவா இருக்கு சார்?" என்று கேட்டு மானத்தை வாங்கியவர். பத்தொன்பது வருஷக் காவல். அப்பேர்ப்பட்டவர்தான் அந்தக் காரியத்தைச் செய்தார்.

ஆறு வாரத்துக்கு முன், மழைக்காட்டில் இலை துடைத்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. மகளுக்கு வலி எடுத்துவிட்டது. தலைதெறிக்க ஓடினார். ஆஸ்பத்திரியில் நர்ஸ், "என்னம்மா, சேத்துலேர்ந்தா வர்றீங்க?" என்றபோதுதான் காலில் மழைக்காட்டின் பச்சை பூட்ஸ் இருப்பதைப் பார்த்தார். பேத்தி பிறந்த சந்தோஷத்தில் அதைப் பையில் சுருட்டி வீட்டு மூலையில் போட்டார். வேலைக்குத் திரும்பியதும் வேறு ஜோடி வாங்கிக்கொண்டார்.

பிறகு பாலைவன அறையின் பெரிய கள்ளி சாய்ந்தது. விரல் உயரத்தில் அவரே நட்டது. இப்போது அவரைவிட உயரம். அடியில் அழுத்தினால் விரல் உள்ளே போனது. அடுத்த வாரம் இன்னும் ஆறு கள்ளிகள். காரணம் வேரை அழுகவைக்கும் ஒரு பூஞ்சை. மழைக்காட்டு ஈரத்தில் அது மரங்களோடு ஒரே வீட்டுக் குடித்தனம் நடத்தும், அவற்றுக்கு அது பழகிய தொல்லை. வறண்ட மண்ணில் வளர்ந்த கள்ளிக்கு அதன் முகமே தெரியாது.

தண்ணீர் அதிகமாகி அழுகிவிட்டது என்று பழி தண்ணீர் ஊற்றுபவர் தலையில் விழுந்தது. வெள்ளிக்கிழமையோடு வேலை இல்லை என்றார் மேற்பார்வையாளர்.

"ஒரு சொட்டு கூட அதிகமா விடலக்கா. ரெண்டு பொண்ணுங்க படிக்குதுங்க. நீங்களாவது சொல்லுங்களேன்."

அக்காவுக்குச் சட்டென்று அந்தப் பச்சை பூட்ஸ் ஞாபகம் வந்தது. வீட்டுக்குப் போய் பையை அவிழ்த்து பூட்ஸைத் திருப்பினார். காய்ந்த கறுப்புச் சேற்றுக்கு நடுவே பாலைவன அறையின் வெள்ளை மணல்.

மறுநாள் காலை பூட்ஸை மேற்பார்வையாளர் மேசைமேல் வைத்தார். "அவர் மேல தப்பில்ல சார். நோயைக் கொண்டு வந்தது நான்."

மேற்பார்வையாளர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. ஊசியால் பூட்ஸின் அடிப்பள்ளத்தைக் கிண்டினார். மணல் உதிர்ந்தது, கூடவே புல்விதை ஒன்றும்.

"அவரை வரச் சொல்லுங்க, வேலை போகாது" என்றார். பிறகு மெதுவாக, "அன்னிக்கு எந்த வழியா ஓடினீங்க?"

வழி ஒன்றுதானே. அக்கா எழுந்து அறைகளை நோக்கி நடந்தார். இந்த முறை ஒவ்வொரு கதவிலும் பூட்ஸ் மாற்றினார். புல்வெளியில் நுனிகள் லேசாகப் பழுத்திருந்தன. குனிந்து ஒரு பிடி புல்லைப் பற்றினார்.

இழுக்கவே வேண்டியிருக்கவில்லை. வேர் அழுகிக் கையோடு வந்தது. எதிரே, பனிநிலத்தின் கதவு.