பெயருக்கு விட்ட இடம்

எங்கள் வீட்டுச் சுற்றுச்சுவரை எங்களைக் கேட்காமலேயே வெள்ளையடித்து எடுத்துக்கொண்டார்கள். தொண்ணூறுகளின் நடுவில், வங்காளத்துப் பெஹாலாவில், மாநகராட்சித் தேர்தல் வந்தால் அதுதான் வழக்கம். யார் முதலில் சுண்ணாம்பு பூசுகிறார்களோ, சுவர் அந்தக் கட்சிக்கு. வீட்டுச் சொந்தக்காரரே வாய் திறக்கமாட்டார், வாடகைக்கு இருந்த நாங்கள் எம்மாத்திரம்? அந்த முறை மட்டும் ஒரு விசித்திரம். சின்னத்தை வரைந்து, வாக்களியுங்கள் என்று எழுதி, நடுவில் ஒரு முழ நீளத்துக்கு வெறும் வெள்ளையாக விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். எங்கள் வார்டு பெண்களுக்கு என்று ஒதுக்கப்பட்டிருந்தது. நிறுத்துவதற்கு ஒரு பெண் இன்னும் அகப்படவில்லை.

எனக்குப் பத்து வயது. அப்பாவுக்கு மத்திய அரசு வேலை. மாற்றலாகித் திருநெல்வேலியிலிருந்து வந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. அப்பா ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு சமாளித்தார். எனக்குத் தமிழைவிட வங்காளம்தான் நன்றாக வரும். அம்மாவின் வங்காளம் தள்ளுவண்டிக் காய்கறிக்காரரிடம் கற்றது. நேற்றும் நாளையும் அதில் இடம் மாறிக் கிடக்கும். ஆனால் சண்டை என்று வந்துவிட்டால் ஓரிடத்திலும் தட்டாது.

முந்தின மழைக்காலத்தில் தெருச் சாக்கடை அடைத்துக்கொண்டு பத்து நாள் முழங்கால் தண்ணீர். ஆண்கள் எல்லாரும் உட்கார்ந்து மனு எழுதினார்கள். அம்மா தெருப் பெண்களைத் திரட்டிக்கொண்டு, அந்தக் கறுப்புத் தண்ணீரை ஒரு பிளாஸ்டிக் பக்கெட்டில் மொண்டு ரிக்‌ஷாவில் ஏற்றிப் போய், மாநகராட்சி எஞ்சினியரின் மேசைமேல் வைத்துவிட்டு வந்தாள். மூன்றாம் நாள் அடைப்பெடுக்கும் வண்டி வந்துவிட்டது. அன்றிலிருந்து அவள் தெருவுக்கே 'மாத்ராஸி பௌதி'. பௌதி என்றால் அண்ணி. அப்பாவைக்கூட 'பௌதியின் வீட்டுக்காரர்' என்று யாரோ சொல்ல, அன்று இரவு அப்பா மோர்சாதத்தை முடிக்காமல் எழுந்துவிட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் கட்சிக்காரர்கள் இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். ஒருவர் ஓய்வுபெற்ற பள்ளி மாஸ்டர். இன்னொருவர் தெருமுனை மிட்டாய்க்கடைக்காரர். மாஸ்டர் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வந்தார். பௌதியை நிறுத்த ஆசைப்படுகிறோம், நீங்கள் சம்மதிக்க வேண்டும் என்றார். அதை அப்பாவிடம்தான் கேட்டார். அம்மா பத்தடி தள்ளி, அடுக்களையில், அவர்களுக்குத்தான் காப்பி கலந்துகொண்டிருந்தாள்.

நான் ஓடிப்போய்ச் சொன்னேன். அம்மா டம்ளரைக் கீழே வைத்தாள். என் தோளைப் பிடித்து, "நிசமாவாட்டி?" என்று இரண்டு தரம் கேட்டாள். பிறகு பின்கட்டு வழியாக உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நான் கூடத்துக்குத் திரும்பியபோது அப்பா, அரசு ஊழியரின் மனைவி தேர்தலில் நிற்க விதி இடம் தராது என்று சொல்லிக்கொண்டிருந்தார். மாஸ்டர் லேசில் விடுகிற ஆள் இல்லை. விசாரித்துவிட்டுத்தான் வந்திருக்கிறோம், மனைவிக்கு அப்படி ஒரு தடையும் கிடையாது என்றார். அப்பாவுக்குக் காது சிவந்துவிட்டது. தப்பிக்க வழி தேடிய அவர் கண்ணில் நான் பட்டேன். இந்த வீட்டில் முடிவெடுப்பவள் இவள்தான், இவளிடமே கேளுங்கள் என்றார்.

மாஸ்டர் குனிந்து, உன் அம்மா கவுன்சிலர் ஆகட்டுமா என்று கேட்டார். பெரியவர்கள் மூன்று பேர் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த மாதிரி ஒரு சந்தர்ப்பம் எனக்கு அதுவரை வாய்த்ததில்லை. அப்படியென்றால் எனக்குச் சடை பின்னிவிடுவது யார், டிபன் கட்டித் தருவது யார் என்று இடுப்பில் கைவைத்துக் கேட்டேன். தமிழில் சொல்லியிருந்தால் அவர்களுக்குப் புரிந்திருக்காது. நான் வங்காளத்தில், அதுவும் ஒரு கிழவியின் தோரணையில் சொன்னேன். மூவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மிட்டாய்க்கடைக்காரருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சரி, வேறு ஆள் பார்க்கிறோம் என்று மாஸ்டர் தலையை ஆட்டிக்கொண்டே எழுந்தார்.

அப்போதுதான் அம்மா வந்தாள். முகம் கழுவி, புதுப் பொட்டு வைத்து, என் பள்ளி ஆண்டுவிழாவுக்கு மட்டும் கட்டுகிற மாம்பழக் கலர் பட்டில், கையில் காப்பித் தட்டோடு நின்றாள். சிரிப்பு இன்னும் அடங்கவில்லை.

அப்பா அவளை மேலும் கீழும் பார்த்தார். "எங்கயாவது கிளம்புதியா?" என்றார்.

என்னவோ தப்பு செய்துவிட்டேன் என்று மட்டும் எனக்குத் தெரிந்தது, ஆனால் என்ன தப்பு என்று தெரியவில்லை. அம்மா தட்டை வைத்துவிட்டு உள்ளே போனாள். காப்பி பிரமாதம் என்று மிட்டாய்க்கடைக்காரர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

நான்கே நாளில் சுவரில் பெயர் எழுதிவிட்டார்கள். மிட்டாய்க்கடைக்காரரின் மனைவி. அந்த அம்மாளின் பெயர் தெருவில் யாருக்கும் தெரியாது என்பதால், இன்னாரின் மனைவி என்று கீழே பெரிய எழுத்தில் போட வேண்டியிருந்தது. அம்மா தினமும் அந்தச் சுவரைத் தாண்டித்தான் என்னைப் பள்ளிக்குக் கூட்டிப்போனாள். அந்த அம்மாள் ஜெயித்தும்விட்டாள்.

அடுத்த மழைக்குச் சாக்கடை மறுபடியும் பொங்கியது. அம்மா என்னையும் அழைத்துக்கொண்டு வார்டு அலுவலகத்துக்குப் போனாள். உள்ளே நுழைந்தோம். கவுன்சிலர் நாற்காலியில் மிட்டாய்க்கடைக்காரர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு ஸ்டூலில் அவர் மனைவி. அவர் காகிதத்தை நகர்த்தி விரலை வைத்த இடத்தில் அந்த அம்மாள் கையெழுத்துப் போட்டாள். அம்மா அவரைத் தாண்டி அவளிடமே சாக்கடையைப் பற்றிச் சொன்னாள். அவள் கணவரின் முகத்தைப் பார்த்தாள். "எங்கிட்ட சொல்லுங்க பௌதி, நான்தான் பாக்குறேன்" என்று அவர் வங்காளத்தில் சொன்னார். நல்ல மனிதர்தான், எனக்குத் தன் கடை இனிப்பு, ஒரு சந்தேஷ்கூடக் கொடுத்தார்.

திரும்பும் வழியில், அந்தப் பக்கெட்டை ஏன் கொண்டுவரவில்லை என்று அம்மாவைக் கேட்டேன்.

"யாரு மேசைல வைக்கச் சொல்லுத?" என்றாள்.

மறுநாள் காலையிலும் எனக்கு இறுக்கமாகச் சடை பின்னிவிட்டு, டிபன் டப்பாவைக் கையில் கொடுத்தாள். நான் பள்ளிப் படிப்பை முடிக்கும்வரை, அவள் காய்ச்சலில் படுத்திருந்த நாளில்கூட, அந்த இரண்டும் ஒரு நாளும் தவறவில்லை. அம்மா அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்ததை அன்றே மறந்துவிட்டாள் என்றுதான் நான் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.